டாக்டர் முன்னால் நன்றாக நடக்கிறார், வீட்டில் கால் ஒட்டிக்கொள்கிறது: நடுக்குவாதத்துக்குச் சென்சார் உதவுமா?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) என்று தெரிந்து 8 வருடம் ஆகிறது. வலது கையில் ஆரம்பித்தது, இப்போதும் வலது பக்கம்தான் அதிகம். லெவோடோபா-கார்பிடோபா 110 மி.கி. மாத்திரை, ஒரு நாளைக்கு நான்கு வேளை: காலை 6, 11, மாலை 4, இரவு 9.

பிரச்சினை இதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தஞ்சாவூரில் நரம்பு டாக்டரைப் பார்க்கிறோம். எனக்குப் பள்ளிக்கூட வேலை என்பதால் சனிக்கிழமைதான் முடியும், 12 மணி வாக்கில் போய்ச் சேருவோம். அன்று அப்பா வேறு ஆள். அயர்ன் செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறார். விரலைத் தட்டச் சொன்னால் தட்டுகிறார், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறார். "நல்லாத்தானே இருக்கீங்க" என்று டாக்டர் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். மறுநாள் மத்தியானம் பாத்ரூம் நிலைப்படியில் கால் ஒட்டிக்கொள்கிறது. பாதம் தரையை விட்டு வரவே வராது, முழங்கால் மட்டும் தடதடவென்று ஆடும். போன மாதம் அப்படியே முன்னால் சாய்ந்து நெற்றியில் 3 தையல்.

இதை டாக்டரிடம் சொன்னேன். "எத்தனை மணிக்கு வருது? மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு? எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பகலில் அம்மாதான் கூட இருக்கிறார். அம்மா "அடிக்கடி வருது" என்பார், அப்பா "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்பார்.

உறவினர் ஒருவர் ஆன்லைனில் ஒரு வாட்ச் வாங்கித் தந்தார். நடுக்கத்தைக் கணக்கெடுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். இரண்டு வாரம் கட்டிப் பார்த்தோம். இதயத் துடிப்பும், எத்தனை அடி நடந்தார் என்பதும் வந்தன, வேறு எதுவும் வரவில்லை. விற்றவர்கள் இப்போது போனை எடுப்பதில்லை. இந்த நோய்க்கென்றே சென்சார் உண்டா? யாராவது பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள்.

பிசியோ கோவை

சகோதரி, முதலில் தையல் போட்ட இடம் ஆறிவிட்டதா? அந்த நிலைப்படிக்கு இன்றைக்கே ஒரு வேலை செய்துவிடுங்கள். படிக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு அடி இடைவெளியில் நாலைந்து பட்டைகள், தரையின் நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபடும் இன்சுலேஷன் டேப்பில், குறுக்காக ஒட்டுங்கள். தண்டவாளத்துக் கட்டைகளைத் தாண்டுவதுபோல ஒவ்வொரு பட்டையையும் தாண்டி நடக்கச் சொல்லுங்கள். தானாக வராத அடி, கண்ணுக்கு ஒரு கோடு கிடைத்தால் பலருக்கு வந்துவிடும். கால் ஒட்டிக்கொண்டிருக்கும்போது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, அப்போதுதான் விழுவார். நிற்கட்டும், மூச்சு விடட்டும், எடையை இடது வலது என்று மாற்றி மாற்றிச் சாய்க்கட்டும், பிறகு ஒரு பெரிய அடி.

டாக்டர் முன்னால் நன்றாக நடப்பது நடிப்பு இல்லை. புது இடம், எல்லோரும் பார்க்கிறார்கள், டாக்டர் "நடங்க" என்று குரல் கொடுக்கிறார். இத்தனையும் சேர்ந்து அந்தக் கோடுகளைப் போலவே அவரைக் கிளப்பிவிடும். நாங்கள் போடும் மதிப்பெண் முறையில் அசைவுக்கான பகுதியில் 33 இடத்தில் 0 முதல் 4 வரை போடுவோம், மொத்தம் 132. நல்ல முறைதான். ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் என்ன தெரிகிறதோ அதைத்தான் அது சொல்லும். உங்கள் அப்பாவின் மத்தியானம் அதற்குள் வரவே வராது.

அலைவரிசை

நான் மருத்துவன் இல்லை, சென்சார் சிக்னல்களோடு வேலை செய்பவன். என் பெரியப்பாவுக்கும் இதே நோய் இருந்தது. அவர் இருந்தபோது எனக்கு இதெல்லாம் தெரியாமல் போனதே என்ற வருத்தம் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாட்சிலும் போனிலும் இருக்கும் முடுக்கமானி ஒரு குட்டிச் சில்லு. நொடிக்கு 50, 100 முறை "இப்போது எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் தள்ளப்படுகிறேன்" என்று எழுதிக்கொண்டே இருக்கும். அதற்கு நோய் தெரியாது, ஆட்டம் மட்டும்தான் தெரியும். எந்த ஆட்டம் என்று பிரிப்பது நம் கணக்கு.

நடுக்கம்தான் இருப்பதிலேயே சுலபம். மடியில் சும்மா கிடக்கும் கை நொடிக்கு 4 முதல் 6 முறை ஒரே சீராக ஆடும். வரைபடத்தில் அது தனியாக நெட்டுக்குத்தாக நிற்கும், குழந்தைகூடக் காட்டிவிடும். மாத்திரை அதிகமாகி உடம்பு நெளிவது, அதாவது டிஸ்கைனீசியா, அப்படிச் சீராக வராது. மெதுவாக, அலை அலையாக வரும். அதையும் ஓரளவு பிரிக்கலாம்.

அசைவு மந்தம் இருக்கிறதே, அதுதான் கஷ்டம். இருக்கும் ஒன்றை அளந்துவிடலாம், இங்கே இல்லாததை அளக்க வேண்டியிருக்கிறது. டிவி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பவர் கிரிக்கெட்டில் மூழ்கியிருக்கிறாரா, எழுந்திருக்க முடியாமல் இருக்கிறாரா? மணிக்கட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் நல்ல கருவிகள் "அசைந்தபோது எவ்வளவு வேகமாக அசைந்தார், ஒரு அசைவுக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு இடைவெளி" என்று பல நாள் சேர்த்துப் பார்க்கின்றன. ஒரு மணி நேரத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கால் ஒட்டிக்கொள்வதை மணிக்கட்டில் கட்டிய வாட்ச் பார்க்காது. காலில் அல்லது இடுப்பில் இருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் அந்த முழங்கால் தடதடப்புதான் இதற்குக் கைப்பிடி. சாதாரண நடையின் அசைவு நொடிக்கு 3-க்குக் கீழே இருக்கும். கால் உறைந்து நிற்கும்போது வரும் நடுக்கம் 3 முதல் 8 வரை. 3-க்கு மேலே இருக்கும் ஆட்டத்தின் வலுவைக் கீழே இருப்பதன் வலுவால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கும், அது திடீரென்று ஏறினால் உறைந்துவிட்டார் என்று அர்த்தம். 2008-ல் ஸ்டீவன் மூர் குழு சொன்ன வழி இது. அதை வைத்து சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் டெல் அவிவ் மருத்துவர்களோடு சேர்ந்து 2010 வாக்கில் ஒரு கருவி செய்தார்கள். கணுக்காலிலும் தொடையிலும் இடுப்பிலும் சென்சார். கால் உறைந்தவுடன் காதில் டிக் டிக் என்று தாளம் கேட்கும், அந்தத் தாளத்துக்கு அடி எடுத்து வைக்கலாம். 10 நோயாளிகளிடம் 237 உறைவுகளைப் பதிவு செய்து அந்தத் தரவை எல்லோருக்கும் திறந்தும் விட்டார்கள். நான் கற்றுக்கொண்டதே அதில்தான். அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேருக்கு ஆய்வகத்துக்குள் ஒரு முறைகூடக் கால் உறையவில்லை. உங்கள் அப்பா கதைதான்.

ஈஸ்ற்ஹாம் அக்கா

தங்கச்சி, நான் லண்டனில் இருந்து எழுதுகிறேன். என்ர அவருக்கு 11 வருசமாக இந்த வருத்தம். இங்கே பார்க்கின்சன் நேர்ஸ் ஒருவர் எங்களுக்கு ஒரு கைக்கருவி தந்து 6 நாள் கட்டச் சொன்னவர். பிகேஜி என்று பெயர். மெல்பேர்னில் ஃப்ளோரி ஆய்வு நிலையத்தில் உருவானது. மணிக்கூடு மாதிரித்தான் இருக்கும், ஆனால் நேரம் பார்க்க இல்லை. வருத்தம் கூடின பக்கக் கையில் கட்ட வேணும். குளிசை போடும் நேரத்துக்கு அது அதிரும், போட்டவுடன் பெருவிரலால் தடவ வேணும். அந்தத் தடவல்தான் முக்கியம். எந்த நேரம் உண்மையில் குளிசை உள்ளே போனது என்று அதில் பதிவாகும்.

பிறகு வந்த அறிக்கையை நேர்ஸ் எங்களுக்கு வடிவாக விளங்கப்படுத்தினார். 2 நிமிசத்துக்கு ஒருக்கால் கணக்கெடுத்து, 6 நாளையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்து ஒரே நாளாகக் காட்டியிருந்தது. குளிசை நேரத்துக்குச் செங்குத்துக் கோடு. ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் அசைவு எப்ப ஏறுது, எப்ப இறங்குது என்று தெரியும். எங்களுக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி, இரவுக் குளிசையை அவர் பாதி நாளும் ஒரு மணித்தியாலம் பிந்திப் போட்டிருக்கிறார். நான் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியாது.

2023 தை மாதத்தில் எந்த மருந்து, எந்தக் கருவி பாவிக்கலாம் என்று சொல்லும் இங்கத்தைய நைஸ் அமைப்பு இப்படியான ஐந்து கருவிகளை நிபந்தனையோடு பரிந்துரைத்தது. பிகேஜியோடு கினீசியா என்ற பெயரில் இரண்டு, கிரேக்க நாட்டுப் பிடிமொனிற்றர், பார்சலோனாவில் செய்யும் ஸ்ரற்-ஒன். கடைசியாகச் சொன்னது இடுப்பில் கட்டுவது. உம்மட அப்பாவுக்கு அதுதான் பொருந்தும் போல கிடக்கு. "நிபந்தனையோடு" என்றால், பாவியுங்கள், ஆனால் பாவிக்கும்போதே இன்னும் ஆதாரம் சேருங்கள் என்று அர்த்தம். அதையும் சொல்ல வேணும்.

பென்ஷன் வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். நான் நோயாளி. 9 வருடமாக. இந்த இழையில் மகள், மனைவி, பெரியப்பா பிள்ளை எல்லோரும் பேசிவிட்டார்கள், கையில் கட்டப்போகிறவனும் ஒரு வார்த்தை பேசலாம் என்று வந்தேன்.

அம்மா காவிரிக்கரை, உங்கள் அப்பா "ஒன்றுமில்லை" என்று சொல்வதை நானும் சொல்லியிருக்கிறேன். நான் பொய் சொல்லவில்லை. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் கேட்டால், வேலை செய்யாத நேரம் எனக்கே தூரத்தில் இருக்கிறது. வேலை செய்யாத நேரத்தில் கேட்டால் பதில் சொல்ல வாய் வராது. வெளியே ஒன்றும் ஆடாமல் உள்ளே மட்டும் நடுங்குவது உண்டு, அதை எந்த வாட்சும் பார்க்காது. மலச்சிக்கல், தூக்கத்தில் கத்துவது, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத என் குரல், நாலு பேர் வந்தால் வெளியே வரப் பயம். இவையும் இந்த நோய்தான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு. அரை மணிக்கு ஒரு கட்டம். தூக்கம், முடிகிறது, முடியவில்லை, உடம்பு நெளிகிறது, இந்த நான்கில் ஒன்றைக் குறிப்பேன். ஹவுசர் என்ற அமெரிக்க டாக்டர் 2000-ல் கொண்டுவந்த நாட்குறிப்பு முறையை நான் கொஞ்சம் சுருக்கிக்கொண்டது இது. மாத்திரையும் சாப்பாடும் எத்தனை மணிக்கு என்பதையும் ஓரத்தில் எழுதுவேன். மருந்து வேலை செய்யாத நேரத்தில் எழுத முடியாது என்பதுதான் இதன் குறை. அங்கே சென்சார் நிரப்பட்டும், மகிழ்ச்சி. ஆனால் கட்டுவதற்கு முன் அவரைக் கேளுங்கள். யார் பார்ப்பார்கள், எத்தனை நாள், எப்போது கழற்றலாம் என்று சொல்லிக் கட்டுங்கள். என் மகன் சொல்லாமல் வைத்த கேமராவை நான் கண்டுபிடித்த அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

காவிரிக்கரை

ஐயா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் அப்பாவைக் கேட்கவே இல்லை. அந்த வாட்சையும் "கட்டிக்கோங்கப்பா" என்று கட்டிவிட்டதுதான். இன்றைக்கு இரவு பேசுகிறேன்.

நிலவன் 84

எனக்கு இரண்டு சந்தேகம். ஆப்பிள் வாட்ச் இதையெல்லாம் செய்யும் என்று கேள்விப்பட்டேன், உண்மையா? என் மாமாவுக்குப் பூனைக்காலிப் பொடி தருகிறோம், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா? அப்புறம், எனக்கு 41 வயது, எனக்கு வருமா என்று வாட்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

அலைவரிசை

இரண்டு என்று சொல்லி மூன்று கேட்டிருக்கிறீர்கள், மூன்றும் நல்ல கேள்வி. அந்த வாட்சில் நடுக்கத்தையும் டிஸ்கைனீசியாவையும் நாள் முழுக்கக் கணக்கெடுக்கும் வசதியை 2018-லேயே சேர்த்துவிட்டார்கள். ஆனால் வாங்கிக் கட்டினால் தானாகக் காட்டாது, அந்தத் தரவை எடுக்க அனுமதி பெற்ற தனிச் செயலி வேண்டும். ரூன் லேப்ஸ் என்ற நிறுவனத்தின் ஸ்ட்ரைவ்பிடி செயலிக்கு 2022-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி தந்தது.

கடைசிக் கேள்விக்கு: கார்டிஃப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் 2013 முதல் 2016 வரையான காலத்தில் ஆளுக்கு ஒரு வாரம் கையில் சென்சார் கட்டியிருந்தார்கள். அதில் பின்னாளில் நோய் வந்தவர்களின் அசைவு, நோய் கண்டறியப்படுவதற்குச் சில வருடங்கள் முன்பே குறைந்திருந்தது. ஆராய்ச்சிக்கு அது பெரிய விஷயம். உங்கள் ஒருவருடைய வாட்சைப் பார்த்து உங்களுக்கு வருமா வராதா என்று சொல்ல அது போதாது. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிசியோ கோவை

பூனைக்காலி பற்றி: கட்டாயம் சொல்ல வேண்டும், இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள். அந்த விதையில் இருப்பது லெவோடோபாவேதான். 1937-லேயே தாமோதரன், ராமசாமி என்ற இருவர் சென்னையில் அதைப் பிரித்தெடுத்துக் கட்டுரை எழுதிவிட்டார்கள். மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் மருந்தின் அளவு கூடிவிடும். பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும். டாக்டருக்குத் தெரியாவிட்டால், உடம்பு நெளிவதைப் பார்த்து மாத்திரையைக் குறைப்பார். அதற்காகப் பயந்து எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு கட்டைபோல இறுகிக் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

காவிரிக்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நிறைய நடந்துவிட்டது.

எங்கள் டாக்டரிடம் அந்த மாதிரிக் கருவி இல்லை. அலைவரிசை அண்ணாவிடம் தனிமடலில் கேட்டேன். பழைய போன் ஒன்று இருந்தால் போதும் என்றார். ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலியைப் போடச் சொன்னார். அதில் முடுக்கமானி சொல்வது அப்படியே பதிவாகும்.

அப்பாவிடம் முதலில் பேசினேன். "யாரு பார்ப்பா?" என்றார். நான், அந்த அண்ணன், டாக்டர் என்றேன். "படம் எடுக்குமா?" இல்லை என்றேன். "சரி, மூணு நாள். அதுக்கு மேலே கேக்காதே." வலது கெண்டைக்காலுக்குப் பக்கவாட்டில் போனை வைத்துக் கிரேப் பேண்டேஜ் சுற்றினோம். மூன்று நாளும் மதியம் 2 முதல் 5 வரை. அம்மாவிடம் ஒரு நோட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கால் ஒட்டும்போதெல்லாம் மணி எழுத.

அம்மா எழுதியது 9. அண்ணன் கணக்கில் வந்தது 14. கூடுதலாக வந்த ஐந்தில் மூன்று, அம்மா சமையல்கட்டில் இருந்தபோது நடந்தவை, அப்பாவே ஒத்துக்கொண்டார். மற்ற இரண்டும் எங்களுக்குப் புரியவே இல்லை, இரண்டும் முதல் நாள் நாலே முக்கால் வாக்கில். பிறகுதான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. அன்று ரேடியோவில் நாதஸ்வரக் கச்சேரி. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், தவிலோடு தனி ஆவர்த்தனம் வந்தபோது வேகமாக. மெஷின் அதை உறைவு என்று எடுத்துக்கொண்டது. அம்மாவின் நோட்டு இல்லையென்றால் நாங்களும் அப்படித்தான் நம்பியிருப்போம்.

மீதி 12-ம் 2.40-க்கும் 4.10-க்கும் நடுவில். அதாவது 11 மணி மாத்திரை தீர்ந்துபோய் 4 மணி மாத்திரை பிடிப்பதற்கு முந்தைய நேரம். ஒரு தாளில் கோடு போட்டு, மாத்திரை நேரத்தைப் பேனாவால் குறித்து எடுத்துப் போனேன். டாக்டர் முதலில் போன் பதிவை நம்பவில்லை, அது அவர் உரிமை. அம்மாவின் நோட்டை எடுத்துப் படித்தார். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க எப்பவும் என்கிட்ட எத்தனை மணிக்கு வர்றீங்க?" என்றார். 12 மணி என்றேன். 11 மணி மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து. அப்பாவின் ஒரு நாளிலேயே நல்ல நேரம் அதுதான். மூன்று வருடமாக அவர் அந்த ஒரு மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மாத்திரை நேரங்களை நெருக்கி ஐந்து வேளை ஆக்கியிருக்கிறார். பருப்பு, தயிர் மாதிரிப் புரதச் சாப்பாடு மாத்திரையோடு சேர்ந்து போகக்கூடாது, அரை மணி முன்னால் போட்டுவிட வேண்டும் என்றார். (இதை இத்தனை வருடம் யாரும் எங்களிடம் சொல்லவில்லை.) அடுத்த முறை மூன்று மணிக்கு வரச் சொன்னார்.

பிசியோ கோவை

மிகவும் சந்தோஷம். ஐந்து வேளை ஆனபின் மத்தியானத்தில் தோளும் கழுத்தும் நெளிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் மணியோடு எழுதி வையுங்கள். நிலைப்படிக் கோடுகள்?

காவிரிக்கரை

ஒட்டிவிட்டேன் சார், மஞ்சள் டேப். கால் ஒட்டுவது முழுக்க நிற்கவில்லை. நேற்றுகூட ஒருமுறை, ஆனால் அவரே நின்று, இடது வலது சாய்ந்து, கோட்டைத் தாண்டிவிட்டார். விழவில்லை.

இன்னொன்று. அம்மாவின் நோட்டை அப்பா வாங்கிக்கொண்டார். இப்போது அவரே எழுதுகிறார். "காலை 6 மாத்திரை" என்பது வரியின் தொடக்கத்தில் பெரிதாகத் தொடங்கி, "முடிகிறது" என்ற சொல்லுக்கு வரும்போது எறும்பு மாதிரி ஆகிவிடுகிறது. பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கிறேன்.

பென்ஷன் வாத்தியார்

அம்மா, நாலு கோடு நோட்டு வாங்கிக் கொடுங்கள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது. கோட்டைத் தொட்டு எழுதினால் எழுத்து அவ்வளவு சீக்கிரம் சுருங்காது. நான் அதில்தான் எழுதுகிறேன்.

நிலவன் 84

காவிரிக்கரை அக்கா, போனை எப்படிக் கட்டினீர்கள் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா? மாமாவுக்கு வேட்டி, பேண்டேஜ் நழுவுகிறது.

காவிரிக்கரை

தம்பி, முதலில் ஒரு காட்டன் காலுறையை வெட்டிக் கெண்டைக்காலில் மாட்டுங்கள், அதன் மேல் போன், அதற்கு மேல் பேண்டேஜ். திரை வெளிப்பக்கம் இருக்கட்டும். முட்டிக்குக் கீழே நாலு விரல் விட்டுச் சுற்றுங்கள், இறுக்கிவிட வேண்டாம். அப்பாவுக்கு முதல் நாள் தோல் சிவந்துவிட்டது. கட்டினவுடன் அந்தக் காலின் பாதத்தைத் தரையில் மூன்று முறை அழுத்தமாகத் தட்டச் சொல்லி, அப்போது கடிகாரத்தில் என்ன மணி என்று எழுதிக்கொள்ளுங்கள். பதிவில் அந்த மூன்று தட்டல் தனியாகத் தெரியும், நோட்டையும் பதிவையும் ஒத்துப்பார்க்க அதுதான் ஆதாரம். மாமாவிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.